ஆறு பொழுதுக்கு ஆறு பூ: வீட்டில் ஒரு மலர்க் கடிகாரம் வைப்பது எப்படி

பல் வலித்தால் மருத்துவரிடம் நேரம் வாங்குகிறோம். பயணம் போக வேண்டுமென்றால் மாதக் கணக்கில் முன்பே இடம் பிடிக்கிறோம். வீட்டில் இருக்கும் நான்கு பேரும் சேர்ந்து கால் மணி நேரம் நிம்மதியாக உட்காருவதற்கு மட்டும் நாள் நேரம் எதுவும் குறிப்பதில்லை. "ஒழியும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம், ஒழிவதே இல்லை.

பூவுக்கு நேரம் உண்டு. அந்திமந்தாரை நம் வேலை முடியும்வரை காத்திருக்காது. நிஷாகந்தி ஓர் இரவு பூத்து விடிவதற்குள் வாடிவிடும். அந்த நேரத்தை வீட்டின் நேரமாக எடுத்துக்கொள்வதுதான் இங்கே சொல்லப்போகும் வழி. வெவ்வேறு பொழுதில் மலரும் சில செடிகளை வளர்த்து, அவை மலரும்போது வீட்டார் கூடுவது. வாரம் ஒருநாள் அதே கண்ணோடு வெளியே நடந்துவிட்டு வருவது. செலவு குறைவு. முதல் பூவுக்கு இரண்டு மூன்று மாதம் பொறுமை வேண்டும்.

பொழுதும் பூவும்

ஸ்வீடனைச் சேர்ந்த தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ், எந்தப் பூ எத்தனை மணிக்கு விரிகிறது, எப்போது மூடுகிறது என்று பார்த்து 1751-இல் ஒரு மலர்க் கடிகாரப் பட்டியலை வெளியிட்டார். அதை அப்படியே எடுத்து நம் வீட்டுக்கு வைத்துக்கொள்ள முடியாது. அவர் கவனித்த உப்சாலா நகரம் ஏறத்தாழ 60 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. அங்கே கோடையில் விடிவதும் இருட்டுவதும் வேறு கணக்கு. ஒளி, வெப்பம், பருவம், செடியின் வகை இவற்றைப் பொறுத்து ஒரே பூ ஒரு மணி நேரம் முன்பின்னாக மலரும். ஆகவே மணிக் கணக்கைவிடப் பொழுதுக் கணக்கே பொருத்தம். அதற்கு நம் மொழியில் ஏற்கெனவே ஒரு பகுப்பு இருக்கிறது: வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். வைகறை பின்னிரவு 2 மணிக்குத் தொடங்குகிறது. மற்றவை அதன்பின் வரிசையாக வரும்.

வைகறைக்கு மார்னிங் குளோரி கொடி, காலைக்குச் செம்பருத்தி, நண்பகலுக்கு டேபிள் ரோஸ், எற்பாட்டுக்கு அந்திமந்தாரை, மாலைக்கு மல்லிகை, யாமத்துக்கு நிஷாகந்தி. ஆறும் ஒரே வீட்டில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. முதலில் இரண்டே செடி போதும். எல்லாரும் வீட்டில் இருக்கும் பொழுது எது என்று பாருங்கள். அந்தப் பொழுதின் செடியிலிருந்து தொடங்குங்கள். வேலைக்கும் பள்ளிக்கும் போய்த் திரும்பும் குடும்பத்தில் நண்பகல் பூவை யாரும் பார்க்கப்போவதில்லை. அந்திமந்தாரையும் மல்லிகையும் அவர்களுக்குப் பொருந்தும். வீட்டிலேயே இருக்கும் முதியவருக்கு டேபிள் ரோஸ் நல்ல துணை.

முதலில் வெயிலை அளந்து பாருங்கள்

செடி வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலானோர் இதைத் தவிர்த்துவிட்டு, பூக்கவில்லை என்று பிறகு வருந்துகிறார்கள். மேகமில்லாத ஒரு நாளில் காலை 8, 10, பகல் 12, 2, 4 மணிக்குத் தொட்டி வைக்க நினைக்கும் இடத்தில் நேர் வெயில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் தாளில் ஒரு கோடு. ஒரு கோட்டுக்கு இரண்டு மணி நேரம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். மூன்று கோடு வந்தால் ஆறு மணி நேர வெயில்; நிஷாகந்தி தவிர மற்ற ஐந்தும் அங்கே வளரும். இரண்டு கோடு வந்தால் அந்திமந்தாரை பூக்கும், கொஞ்சம் குறைவாக. ஒன்றோ பூஜ்யமோ என்றால் நிஷாகந்தி மட்டும்.

வெயிலே எட்டாத வீட்டுக்கும் வழி இருக்கிறது. மராந்தா என்ற செடியை வெளிச்சம் வரும் சன்னலோரம் வையுங்கள். பகலில் விரிந்து கிடக்கும் அதன் இலைகள் இரவில் கை கூப்பியதுபோல் மேல்நோக்கி நிமிரும். பூக் கடிகாரத்துக்குப் பதில் இலைக் கடிகாரம். தொட்டாற்சுருங்கியும் மாலையில் தானாக இலை மூடும், ஆனால் அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். 1729-இல் பிரெஞ்சு அறிவியலாளர் ழான் ழாக் தோர்து தெ மெரான் இப்படி இலை மூடும் ஒரு செடியை இருட்டறையில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாதபோதும் அது பகலில் விரிந்து இரவில் மூடியது. செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு முதல் தடயம் அதுதான். குழந்தைகளிடம் சொல்ல இதைவிட நல்ல விஷயம் கிடைப்பது அரிது.

அந்திமந்தாரை: இதிலிருந்து தொடங்கலாம்

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வோம். விதை மிளகு அளவில் கறுப்பாக, சுருக்கங்களோடு இருக்கும். இரவு முழுவதும் தண்ணீரில் ஊற வையுங்கள். 25 செ.மீ. ஆழமாவது உள்ள தொட்டியில், ஒரு செ.மீ. ஆழத்தில் இரண்டு விதை ஊன்றுங்கள். 7 முதல் 14 நாளில் முளைக்கும். இரண்டும் முளைத்தால் வலுவானதை விட்டு மற்றதை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். நாற்று 15 செ.மீ. உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துப் புதர்போல் வளரும். கிள்ளாத செடி நெட்டையாக வளர்ந்து காற்றில் சாயும். முளைத்ததிலிருந்து எட்டு, பத்து வாரத்தில் முதல் பூவை எதிர்பார்க்கலாம்.

பூவில் நாம் இதழ் என்று நினைக்கும் வண்ணப் பகுதி உண்மையில் புல்லி வட்டம். அந்திமந்தாரைக்கு இதழே கிடையாது. சில செடிகளில் ஒரே கிளையில் மஞ்சளும் சிவப்பும், இரண்டும் தெறித்தாற்போன்ற பூவும் சேர்ந்தே வரும். மேகமூட்டமான நாளில் சீக்கிரமே விரிந்து, மறுநாள் காலையில் நெடுநேரம் மூடாமல் இருக்கும். மூடும்போது உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தாள்கள் கம்பிச் சுருள்போல் சுருண்டு உள்ளே போவதைக் கையடக்க லென்ஸ் வைத்துப் பாருங்கள். சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்து, டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொண்டு செடியருகே அசையாமல் நின்றால், பூவின் மேல் மிதந்தபடியே நீண்ட உறிஞ்சுகுழலை நுழைத்துத் தேன் குடிக்கும் அந்துப்பூச்சி வரக்கூடும். வெள்ளை ஒளி அதைக் கலைத்துவிடும், சிவப்பு ஒளி அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது.

ஒரு எச்சரிக்கை: விதையும் கிழங்கும் நஞ்சு. விதை குழந்தைக்கு விளையாட்டுப் பொருள்போலத் தெரியும். கறுத்து உதிரும் முன்பே சேகரித்து, மூடி போட்ட டப்பாவில் எட்டாத இடத்தில் வையுங்கள். உறைபனி விழும் ஊராக இருந்தால், குளிர் தொடங்கும்போது கிழங்கைத் தோண்டி எடுத்து உலர்ந்த மணலில் புதைத்து வைத்திருந்து, குளிர் போனதும் மறுபடி நடலாம்.

நிஷாகந்தி: ஓர் இரவு விருந்தாளி

இதைப் பலர் பிரம்ம கமலம் என்று அழைக்கிறார்கள். இமயமலை உயரங்களில் வளரும் பிரம்ம கமலம் முற்றிலும் வேறு செடி. நம் தொட்டியில் இரவில் பூப்பது, மரங்களின்மேல் தொற்றி வளரும் ஒருவகைக் கள்ளி. இலை என்று நாம் சொல்வதும் தட்டையான தண்டுதான்.

தெரிந்தவர் வீட்டில் இருந்தால் 15 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி வாங்குங்கள். உடனே நடாதீர்கள். நிழலில் ஐந்து முதல் ஏழு நாள் வைத்து, வெட்டுவாய் காய்ந்து தோல் போட்டபின் 3 செ.மீ. ஆழத்துக்கு மட்டும் ஊன்றுங்கள். பச்சை வெட்டோடு ஊன்றிய துண்டு பெரும்பாலும் அழுகிவிடும். மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் மாற்றிவிடக் கூடாது. வெட்டும்போதே கீழ்முனையைச் சாய்வாக வெட்டினால் அடையாளம் மறக்காது. மண் லேசாக, நீர் தேங்காததாக இருக்கட்டும். காலை இளவெயில் படலாம், உச்சி வெயில் பட்டால் தண்டு மஞ்சளித்துக் கருகும். முதல் பூவுக்கு இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அதுவரை அடிக்கடி பெரிய தொட்டிக்கு மாற்றாதீர்கள். வேர் கொஞ்சம் நெருக்கமாக இருந்தால்தான் நன்றாகப் பூக்கிறது.

மொட்டு தட்டையான தண்டின் ஓரத்திலிருந்து வரும். மூன்று நான்கு வாரத்தில் நீண்டு, கழுத்து கீழே தொங்கும். பிறகு கழுத்து வளைந்து மொட்டின் முனை மேலே நிமிரத் தொடங்கும். அதைப் பார்த்துவிட்டால் பூக்கும் நாள் நெருங்கிவிட்டது என்று வீட்டில் சொல்லிவிடலாம். அன்றன்று மாலை மொட்டைப் பாருங்கள். உப்பி, வெளிப்புறத் தோகை விலகியிருந்தால் அன்றிரவுதான். இருட்டியபின் விரியத் தொடங்கி நள்ளிரவுக்குள் முழுதாக விரியும், மணம் அறை முழுவதும் நிறையும். பதின்பருவப் பிள்ளைகளுக்கு இந்தச் செடியைப் பொறுப்பாகக் கொடுங்கள். இரவில் விழித்திருக்க அனுமதி கிடைக்கும் ஒரே வீட்டு வேலை இது, அவர்கள் மறுக்க மாட்டார்கள். மொட்டு நிமிர்ந்த பிறகு தொட்டியை இடம் மாற்றவோ திருப்பவோ வேண்டாம், மொட்டு உதிரும் ஆபத்து உண்டு.

மற்ற நான்கும், சுருக்கமாக

மார்னிங் குளோரியின் விதைத்தோல் கடினமானது. நகவெட்டியால் ஓரத்தில் லேசாகக் கீறி, 12 மணி நேரத்துக்குமேல் ஊற வைத்து நடுங்கள். ஏற 2 மீட்டர் கயிறு கட்டுங்கள். உரம் அதிகமானால் இலையாகவே போய்விடும். நீல நிற வகையில் ஒரு அழகு உண்டு: மொட்டு செவ்வூதா, விரிந்ததும் வான் நீலம், வாடும்போது மறுபடி செம்மை. இதழின் செல்களுக்குள் இருக்கும் சாறு விரியும்போது காரத்தன்மை கொள்வதால் இந்த நிறமாற்றம். விடியும் முன்பே மலர்ந்து நண்பகலுக்குள் சுருங்கிவிடும். இதன் விதையும் நஞ்சு. தானாக விழுந்து பரவும் கொடி என்பதால் கழித்த கொடிகளை வெளியிடங்களில் கொட்டாதீர்கள்.

செம்பருத்திக்கு 30 செ.மீ. தொட்டி, ஆறு மணி வெயில். ஒரு பூவுக்கு ஆயுள் பொதுவாக ஒரே நாள். மொட்டாகவே உதிர்கிறதென்றால் ஒருநாள் காய விட்டு மறுநாள் மூழ்கடிக்கும் பழக்கம் முதல் காரணம், மாவுப்பூச்சி இரண்டாவது. மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. மென்மையான திரவ சோப்பு கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளித்து, மறுநாள் காலை வெறும் தண்ணீரால் கழுவுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று முறை. ஒரே தெளிப்போடு நிறுத்தினால், தப்பிய முட்டைகள் பொரித்துத் திரும்ப வரும்.

டேபிள் ரோஸ் வளர்ப்பது மிகச் சுலபம். விரல் நீளத் தண்டை ஒடித்து, பாதி மணல் கலந்த அகலமான தட்டுத் தொட்டியில் செருகினால் இரண்டு வாரத்துக்குள் வேர் பிடிக்கும். வெயில் ஏறினால்தான் விரியும். மழைமேகம் வந்தால் மூடிக்கொண்டே இருக்கும், அதற்குச் செடியைக் குறை சொல்ல வேண்டாம்.

மல்லிகை புதுத் தளிரில்தான் பூக்கிறது. ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். வெட்ட மனம் வராமல் விட்ட செடிதான் கொடியாக நீண்டு, பூவில்லாமல் நிற்கிறது. பிற்பகலில் வெளுத்துப் பருத்திருக்கும் மொட்டு அன்று மாலை விரியும். மணம் ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் இருந்தால் படுக்கையறைச் சன்னலுக்கு நேராக வைக்காதீர்கள்.

மண்ணும் தண்ணீரும்

பொதுவான கலவை: தோட்ட மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு. தொட்டியடியில் துளை அடைபடாமல் இருக்க ஓர் ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வைக்கவும். தண்ணீர் ஊற்றும் முன் விரலை 2 செ.மீ. மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்றைக்கு வேண்டாம். தொட்டிச் செடிகள் தண்ணீர் போதாமல் சாவதைவிட அதிகமாகிச் சாவதே மிகுதி. அளவு கடந்து ஊற்றினாலும் இலை தொய்ந்து வாடித்தான் தெரியும், ஏனென்றால் அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதைப் பார்த்து இன்னும் ஊற்றிவிடுகிறோம். அடித்தட்டில் நிற்கும் நீரைக் கொட்டிவிடுங்கள், கொசு முட்டையிடும்.

கூடும் கால் மணி நேரம்

செடி பூத்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. பூக்கும்போது யாராவது ஒருவர் மட்டும் பார்த்து, படம் எடுத்து, குடும்பக் குழுவில் அனுப்பிவிட்டுப் போனால் இந்தக் கடிகாரத்தால் பயனில்லை.

செடிக்கு எதிரே உட்கார இடம் வேண்டும். நின்றுகொண்டு யாரும் கால் மணி நேரம் பூ பார்க்க மாட்டார்கள். இரண்டு முக்காலி, ஒரு பாய், முதியவருக்குக் கைப்பிடி உள்ள நாற்காலி. தொட்டியை உட்கார்ந்தவரின் கண்மட்டத்துக்கு வரும்படி ஒரு மேடை மேல் தூக்கி வையுங்கள். தரையில் கிடக்கும் தொட்டியைப் பராமரிப்பவர் மட்டுமே குனிந்து பார்ப்பார்.

எல்லாக் கைபேசிகளும் ஒரு கூடையில், அறைக்குள். படம் வேண்டுமென்றால் கடைசி ஒரு நிமிடத்தில் ஒருவர் எடுக்கட்டும். அந்த நேரத்தில் பேசக் கூடாதவை என்று மூன்றை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள்: மதிப்பெண், பணம், யார் எந்த வேலையைச் செய்யவில்லை என்பது. இந்த மூன்றில் எது நுழைந்தாலும், இரண்டு வாரத்தில் பிள்ளைகள் வராமல் போவார்கள். பேச்சே இல்லாமல் போனால் பதற வேண்டாம். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் கூடியிருப்பதுதான்.

தினமும் என்று தொடங்காதீர்கள். வாரம் இரண்டு நாள் போதும். பூ மீது ஆசை வந்தபின் அவர்களே மற்ற நாட்களில் எட்டிப் பார்ப்பார்கள். வெளியூரில் இருப்பவருக்கு அதே நேரத்தில் தொலைபேசியில் அழைத்து, எத்தனை பூ, என்ன நிறம் என்று ஒருவர் வர்ணிக்கலாம். படம் அனுப்புவதைவிட அது நெருக்கமாக இருக்கிறது, ஏனென்றால் கேட்பவர் கேள்வி கேட்பார்.

அடிக்கடி நேரும் தவறு, எல்லாத் தொட்டிக்கும் ஒரே ஆள் தண்ணீர் ஊற்றுவது. பெரும்பாலும் அது அம்மாவாகத்தான் இருப்பார். ஆளுக்கு ஒரு தொட்டி என்று பெயர் எழுதி ஒட்டுங்கள். ஒருவர் தொட்டி வாடினால் மற்றவர் போய் ஊற்றக் கூடாது, ஒருமுறை நினைவூட்டலாம். ஒரு செடி காய்ந்து போவது பெரிய நட்டமில்லை. காய விட்டவரே மறுபடி விதை ஊன்றட்டும்.

பறித்து வைக்கும் பூ

பூவின் பருவத்துக்குத் தமிழில் ஏழு பெயர்: அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். குவளையில் வைக்கப் பறிக்கும்போது இந்த வரிசை கை கொடுக்கும். ரோஜாவை முகையாக, வெளியிதழ் தளரத் தொடங்கும்போது வெட்ட வேண்டும்; பச்சை மொட்டாக வெட்டினால் விரியாமலே தலை சாயும். சாமந்தி வகைகளையும் ஜீனியாவையும் முழு மலராக வெட்ட வேண்டும், ஏனென்றால் அவை வெட்டியபின் மேலும் விரிவதில்லை. ஜீனியாவுக்கு ஒரு சோதனை உண்டு. பூவுக்கு 20 செ.மீ. கீழே தண்டைப் பிடித்து ஆட்டுங்கள். தலை தொளதொளவென்று ஆடினால் இன்னும் முற்றவில்லை. விறைப்பாக நின்றால் வெட்டலாம்.

வெட்ட ஏற்ற நேரம் காலை, தண்டில் நீர் நிறைந்திருக்கும். தண்ணீர் நிரம்பிய வாளியைச் செடியருகே கொண்டுபோய், வெட்டியதும் அதில் போடுங்கள். குவளையில் வைக்கும் முன் அடித்தண்டில் 2 செ.மீ. சாய்வாக மறுபடி வெட்டுங்கள். சாய்வு எதற்கென்றால், தட்டையான வெட்டு குவளையின் அடியில் ஒட்டி நீர் ஏறுவதை மறிக்கும். தண்ணீருக்குள் மூழ்கும் இலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதுதான் முதலில் அழுகி, பாக்டீரியாவைப் பெருக்கி, தண்டின் குழாய்களை அடைக்கிறது.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கால் தேக்கரண்டி வீட்டு உபயோக பிளீச்சிங் திரவம். சர்க்கரை பூவுக்கு உணவு. எலுமிச்சை நீரை எளிதாக மேலேறச் செய்கிறது. பிளீச்சிங் கிருமியைத் தடுக்கிறது. சர்க்கரையை மட்டும் போட்டால் கிருமிக்கு விருந்து வைத்ததாகும். இரண்டு நாளைக்கு ஒருமுறை நீரை மாற்றி, தண்டை மறுபடி வெட்டுங்கள். பழக்கூடைக்குப் பக்கத்தில் குவளையை வைக்காதீர்கள். பழுக்கும் பழம் வெளியிடும் எத்திலீன் வாயு பூவை விரைவில் வீயாக்கிவிடும்.

கழுத்து சாய்ந்த ரோஜாவைத் தூக்கி எறியும் முன், தண்டைத் தண்ணீருக்குள் வைத்தே வெட்டி, பூவோடு முழுவதையும் வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் படுக்க வையுங்கள். காற்றுக்குமிழி அடைத்ததால் சாய்ந்ததென்றால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். தண்டில்லாத செம்பருத்திக்குக் குவளையே வேண்டாம். பறித்த பின்பும் தண்ணீரின்றி அன்று முழுவதும் வாடாது. மேசையின் நடுவே அப்படியே வைக்கலாம்.

வீட்டில் பூனை இருந்தால் லில்லி வகையைக் கொண்டுவரவே வேண்டாம். அதன் மகரந்தம் பட்ட உடலை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் பழுதாகிவிடும். அரளி வைத்த குவளையின் தண்ணீரும் நஞ்சு.

வாரம் ஒரு நடை

உடற்பயிற்சி நடையும் இதுவும் வேறு வேறு. வேகம் வேண்டாம், தூரமும் வேண்டாம். ஒரு கிலோமீட்டர் சுற்று, முக்கால் மணி நேரம். சூரியன் மறைவதற்கு 45 நிமிடம் முன் கிளம்பினால், இலைகள் மூடுவதையும் மைனாக்கள் கூட்டமாக மரத்தில் அடைவதையும் பார்த்துவிட்டு இருட்டும் முன் திரும்பலாம். குழுவில் மெதுவாக நடப்பவர் யாரோ அவர் முன்னால் போகட்டும், அவர் நடைதான் எல்லாருக்கும்.

பாதையை மாற்றாதீர்கள். புதுப் பாதையில் பொருட்களைப் பார்ப்போம், பழகிய பாதையில்தான் மாற்றம் கண்ணில் படும். பாதையில் ஆளுக்கு ஒரு மரம் தேர்ந்தெடுத்து, வாராவாரம் ஒரே கிளையைப் பாருங்கள். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்ற ஐந்தில் இப்போது எது அதிகம்? இந்த ஒரு கேள்வி ஓர் ஆண்டு முழுவதற்கும் போதும். தூங்குமூஞ்சி மரமோ புளியமரமோ வழியில் இருந்தால் அதன் அடியில் கடைசி பத்து நிமிடம் நில்லுங்கள். விரிந்திருந்த சிற்றிலைகள் ஒன்றோடொன்று ஒட்டி மடங்கி, இலைகளின் ஊடே வானம் அதிகமாகத் தெரியத் தொடங்கும். மேகம் கறுத்தால் தூங்குமூஞ்சி பகலிலேயே மடங்குவதும் உண்டு.

நடுவில் ஓரிடத்தில் மூன்று நிமிடம் யாரும் பேசாமல் உட்காருங்கள். தாளின் மையத்தில் ஒரு பெருக்கல் குறி, அது நீங்கள். கேட்கும் ஒவ்வொரு ஒலியையும் அது வந்த திசையில், தூரத்துக்கு ஏற்ப ஒரு சின்னக் குறியாகப் போடுங்கள். பிறகு தாள்களை ஒப்பிட்டுப் பாருங்கள். குழந்தைகளின் தாளில்தான் பூச்சிகள் அதிகம் இருக்கும். மெல்லிய கீச்சொலி வயதாக ஆகக் காதில் விழுவது குறைகிறது.

பத்து மடங்கு பெரிதாக்கும் கையடக்க லென்ஸ் ஒன்று எடுத்துப் போங்கள். அதைப் பிடிக்கும் முறை பலருக்குத் தெரிவதில்லை. லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பூவையோ இலையையோ இரண்டரை செ.மீ. தூரம்வரை அருகே கொண்டுவர வேண்டும். லென்ஸைப் பொருளின்மேல் பிடித்துத் தூரத்திலிருந்து பார்த்தால் மங்கலாகத்தான் தெரியும்.

குழந்தையிடம் "இது என்ன மரம், சொல்லு" என்று தேர்வு வைக்காதீர்கள். பெயர் தெரியாத செடிக்கு அவர்களே பெயர் வைக்கட்டும். சரியான பெயரை வீட்டுக்கு வந்து தேடலாம். கீழே விழுந்ததை மட்டும் எடுப்பது என்று ஒரு விதி வையுங்கள். குன்றிமணி, ஊமத்தை, அரளி, செங்காந்தள் இந்த நான்கையும் முதல் நடையிலேயே அடையாளம் காட்டி, வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். சருகுக் குவியலைக் கையால் கிளறாமல் குச்சியால் விலக்கச் சொல்லுங்கள்.

ஏட்டில் ஒரு வரி

கடிகாரம் உங்கள் வீட்டுக்கு உரியதாவது குறிப்பு எழுதினால்தான். ஒரு சிறு ஏட்டில் நாள், பூ, முதலில் விரிந்ததைப் பார்த்த நேரம், வானம் (வெயில், மேகம், மழை), உடன் இருந்தவர்கள். ஐந்தும் ஒரே வரியில். எழுதுபவர் முறை வைத்து மாறட்டும். முதல் ஏழு நாள் விடாமல் எழுதினாலே அந்திமந்தாரை உங்கள் வீட்டில் எப்போது விரியும் என்று கால் மணி நேரத் துல்லியத்தில் சொல்லிவிடலாம். பருவம் மாறும்போது மறுபடி ஏழு நாள்.

நடையில் எடுத்த பூவையும் இலையையும் இந்த ஏட்டிலேயே ஒட்டலாம். வழவழப்பில்லாத தாள் இரண்டுக்கு நடுவே, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே ஐந்து கிலோ அளவுக்குப் புத்தகங்களை அடுக்குங்கள். முதல் நாளும் மூன்றாம் நாளும் தாளை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். இரண்டு வாரத்தில் காய்ந்துவிடும். செம்பருத்திபோல் நீர் அதிகமுள்ள பூக்கள் பழுப்பாகிவிடும், அவற்றின் ஓர் இதழை மட்டும் வைத்துப் பாருங்கள். ஒட்டும்போது பசையைப் பூவில் தடவாமல், தாளில் இரண்டு புள்ளி வைத்து அதன்மேல் பூவை இறக்குங்கள். பக்கத்தில் நாளையும், அதை யார் கண்டெடுத்தார் என்பதையும் பென்சிலால் எழுதுங்கள். மை பரவும், பென்சில் பரவாது.